கடைசி சைக்கிளிலிருந்து ஒரு மடல்

பெசன்ட் நகர், அடையாறு, திருவான்மியூர் பகுதிகளில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களுக்கு,



ஞாயிற்றுக்கிழமை காலையில் எலியட்ஸ் பீச்சில் நடக்க வருபவர்கள் எங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆறு மணிக்கு ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு எதிரில் பதினைந்து இருபது பிள்ளைகள் சைக்கிளோடு நிற்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களும், ஒன்றிரண்டு தாத்தாக்களும் சைக்கிளோடுதான் நிற்பார்கள். ஒருவர் குனிந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஒரு குழந்தையின் தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருப்பார். கிளம்பியதும் அந்த வரிசைக்குக் கடைசியில், கேரியரில் பச்சைத் துணிப்பை கட்டிய பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று போகும். அது என்னுடையது. இரண்டு ஆண்டுகளாக அந்தக் கடைசி இடம்தான் எனக்கு.

உங்களில் பலர் நின்று விசாரித்திருக்கிறீர்கள். பாராட்டியிருக்கிறீர்கள். "நல்ல விஷயம்தான் மேடம், ஆனா நம்ம ரோட்ல பிள்ளைய எப்படி விடறது?" என்று கேட்டுவிட்டு நடையைத் தொடர்ந்திருக்கிறீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வாய்த்ததில்லை. வரிசை கிளம்பிவிடும், நான் பின்னால் போக வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்த தவறிலிருந்து தொடங்குகிறேன். அன்று பதினோரு பிள்ளைகள். மூன்று பெரிய பையன்களிடம் கியர் சைக்கிள் இருந்தது. கிளம்பி இரண்டு நிமிடத்தில் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அவர்களை விடக்கூடாதென்று அடுத்த ஐந்து பேர் மூச்சுவாங்க மிதித்தார்கள். அந்த ஐந்து பேரைப் பிடிக்க அப்பாக்கள் மிதித்தார்கள். நானும் என் மகளும் நடுவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தோம். வேளாங்கண்ணி கோயிலருகே நின்று எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

பதினோராவது ஆள் ஆறு வயதுச் சிறுமி. சிவப்பு நிறத்தில் 14 இன்ச் சைக்கிள், பின்னால் இரண்டு பக்கமும் சப்போர்ட் சக்கரம். அவளுடைய அப்பா அவளை எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கடற்கரையில் நடக்கப் போயிருந்தார். நான் வந்த வழியே திரும்பி ஓட்டினேன். பாதி தூரத்தில், நடைபாதை ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தாள். பூக்கார அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை அழவில்லை. "எல்லாரும் போய்ட்டாங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவள் அப்பா வந்தார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிளைக் கார் டிக்கியில் வைத்து, மகளை உட்கார வைத்துக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

அன்றைய பிசகு முழுக்க எங்களுடையது. பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் குழு ஆகிவிடும் என்று நினைத்திருந்தோம். அடுத்த வாரமே முறையை மாற்றினோம். வரிசைக்கு முன்னால் ஒரு பெரியவர் போவார், அவரை எந்தப் பிள்ளையும் தாண்டக் கூடாது. கடைசியில் ஒரு பெரியவர் வருவார், அவருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் தங்கக் கூடாது. நடுவில் எந்தப் பிள்ளை ரொம்ப மெதுவாக ஓட்டுகிறதோ, அந்தப் பிள்ளையின் வேகம்தான் அன்றைக்கு எல்லோருக்கும் வேகம். சில நாள் அது நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். ஒரு குழந்தைக்குச் செயின் கழன்றால் இருபது பேரும் இறங்கி நிற்பார்கள்.

பெரிய பையன்களுக்கு இது முதலில் கசந்தது. ஒருவன் இரண்டு வாரம் வரவே இல்லை. பிறகு ஆளுக்கொரு சின்னப் பிள்ளையை அவர்கள் பொறுப்பில் கொடுத்தோம். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும், அதன் டயரை அழுத்திப் பார்க்க வேண்டும், செயின் விழுந்தால் மாட்டிக் காட்ட வேண்டும். இப்போது பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் பங்குக் குழந்தை வரவில்லை என்றால் என்னிடம் வந்து காரணம் கேட்கிறான்.

கடைசியில் போகிற எனக்கு முகங்கள் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். இரண்டு ஆண்டுகளில் அந்த முதுகுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஓட்டும் குழந்தை முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு நாள் தலை நிமிரும். தோள் இறங்கும். அன்றிலிருந்து அந்தச் சைக்கிள் நேராகப் போகும்.

அடுத்தது, பின்னால் திரும்பிப் பார்ப்பது. வளர்ந்தவர்களுக்கே இது லேசில் வராது. தலையை வலப்பக்கம் திருப்பினால் கையும் கூடவே திரும்பி, சைக்கிள் சாலை நடுவுக்குப் போய்விடும். அதனால் வண்டி வராத உள்தெருவில் பயிற்சி கொடுக்கிறோம். நான் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரல்களைக் காட்டுவேன். குழந்தை கோடு மாறாமல் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். "மூணு ஆன்ட்டி!" என்று கத்துகிற குழந்தையின் சைக்கிள் ஒரு சாண்கூட விலகாமல் போகும்போது, அது சாலைக்குக் கொஞ்சம் தயாராகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

கொஞ்சம் என்றுதான் சொல்கிறேன். உங்கள் பயம் பொய்யான பயம் அல்ல. தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளால் எதிரே வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. அது அவர்கள் கவனக்குறைவு அல்ல, அந்த வயதின் கண்ணும் மூளையும் அப்படித்தான். அதனால்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், கூடவே ஓட்டுங்கள் என்று கேட்கிறோம். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பிள்ளை இடப்பக்கம், நீங்கள் வலப்பக்கம், அரைச் சைக்கிள் நீளம் பின்னால். வண்டிகளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். உங்களுக்கு முன்னால் அது என்ன செய்கிறது என்பதும் தெரியும்.

நாங்கள் சாலையை மறிப்பதில்லை. சந்திப்பு வந்தால் நின்று, பெரியவர் ஒருவர் இறங்கி இரு பக்கமும் பார்த்து, வண்டிகள் இல்லாத நேரத்தில் மொத்த வரிசையையும் சேர்த்தே கடத்திவிடுவார். பாதி வரிசை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று அறுபடவிடுவதில்லை. ஞாயிறு காலையில் இங்கே அதிகம் பயப்பட வேண்டியது தண்ணி லாரிக்கு. அதன் சத்தம் கேட்டால் ஓரமாக இறங்கி நின்றுவிடுவோம், அது போன பிறகுதான் ஏறுவோம். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டுவதில்லை. உள்ளே இருப்பவர் பார்க்காமல் கதவைத் திறந்தால் எட்டாத தூரம் தள்ளித்தான் போவோம்.

தெருநாய்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். நாய் ஓடுவதைத்தான் துரத்தும். நாய் வந்தால் வேகமாக மிதிக்காமல், நிறுத்தி, இறங்கி, சைக்கிளைத் தனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். சொன்னால் மட்டும் போதாது என்று ஒரு அப்பா நாயாக நடித்துக் குரைத்துக் காட்ட, பிள்ளைகள் முறை வைத்து இறங்கிப் பழகினார்கள். இதுவரை யாரையும் நாய் கடிக்கவில்லை.

கீழே விழுந்திருக்கிறார்கள். மறைக்காமல் சொல்கிறேன். முழங்கால் சிராய்ப்பு நிறைய. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடிய இடத்தில் சரளையில் சறுக்கி ஒரு பையனுக்கு முழங்கையில் தையல் போட வேண்டியிருந்தது. ஒரு முறை, ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் வந்த ஸ்கூட்டர்காரர் என் மகளின் ஹேண்டில்பாரில் உரசிவிட்டு, "பிள்ளைங்கள ஏன் ரோட்ல விடறீங்க?" என்று எங்களையே கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு போகலாமா என்று மகளைக் கேட்டேன். "அவர்தானம்மா தப்பா வந்தார்" என்றாள்.

அவர் கேட்ட கேள்விதான் ஊர் முழுக்க இருக்கிறது. ரோட்டில் விடக்கூடாது என்கிறோம். சரி, வேறெங்கே விடுவது? நாங்கள் முன்பு குடியிருந்த அடுக்குமாடியில், வளாகத்துக்குள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று நிர்வாகக் குழு அறிவிப்பு ஒட்டியது. நிறுத்தியிருக்கும் கார்களில் கீறல் விழுகிறதாம். பூங்காவில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. நடைபாதையில் பைக் நிற்கிறது. ஒவ்வொரு இடமாக விரட்டி, கடைசியில் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, குழந்தை வெளியே விளையாடவே மாட்டேன் என்கிறது என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம்.

சாலை பத்திரமான பிறகு பிள்ளைகளை இறக்கலாம் என்று காத்திருந்தால், பிள்ளைகள் இல்லாத சாலையை யார் எதற்காகப் பத்திரமாக்குவார்கள்? கும்பலாக இறங்கினால்தான் சாலை மாறும் என்பதை நான் யாருடைய புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவிடம் பார்த்தேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991இல் எனக்கு ஒன்பது வயது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வந்த அறிவொளி இயக்கம், எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய துணை. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, களையெடுத்துவிட்டு வந்த கையோடு பழகினார்கள். என் அம்மாவை அத்தை பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார். அத்தையை அம்மா பிடித்துக்கொண்டு ஓடுவார். விழுந்த காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது என் வேலை.

மைதானத்தில் ஓட்டியவரை ஒன்றுமில்லை. தெருவுக்கு வந்தபோதுதான் தொல்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து கேலி வரும். பாட்டு வரும். ஒருநாள் தனியாகப் போன அம்மா பாதியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்துதான் கிளம்பினார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. மணி அடித்துக்கொண்டே டீக்கடையைத் தாண்டினார்கள். இரண்டு மூன்று நாள் கேலி தொடர்ந்தது. பிறகு டீக்கடைக்காரரே, "வழிய விடுங்கப்பா" என்று சொன்னதை நான் கேட்டேன். அப்புறம் அம்மா தனியாகவும் போனார். அப்பாவின் ஜென்ட்ஸ் சைக்கிளில், முன்பாரில் என் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு, மருந்து வாங்கப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு. அந்தக் காலத்தில் பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி ஓட்டினார்கள். அந்த முன்பாரில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம்.

வேறு ஊர்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. இன்று சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தில், 1971இல் சாலை விபத்துகளில் இறந்த பிள்ளைகள் மட்டும் 400க்கும் மேல். விபத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் எழுதினார். அதையே பெயராக வைத்துக்கொண்டு பெற்றோர்கள் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தார்கள். தெருக்களை மறித்தார்கள், கூட்டமாகச் சைக்கிளில் போனார்கள், பாராளுமன்றத்தில் போய்க் கேட்டார்கள். இன்று அங்கே இருக்கும் சைக்கிள் பாதைகளில் பெரும்பாலானவை அதற்குப் பின்னால் வந்தவைதாம். இன்று அந்த நாட்டில் தொடக்கப் பள்ளியை முடிக்கப்போகும் பிள்ளைகள் போக்குவரத்து விதிகளில் தேர்வு எழுதுகிறார்கள், சாலையில் ஓட்டியும் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 2008இல் குழந்தைகளுக்கென்றே தொடங்கிய கிடிக்கல் மாஸ் என்ற கூட்டுச் சைக்கிள் பயணம் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பார்சலோனாவில் 2021 முதல் பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்து, கார்கள் ஓடும் பெரிய சாலைகளில் வரிசையாகப் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள். அதைச் சைக்கிள் பஸ் என்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாங்கள் ஓட்டும் இதே கடற்கரைச் சாலையில் 2014இல் மாநகராட்சி ஞாயிறு காலைகளில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. சக்கரம் கட்டிய ஷூவும் சைக்கிளும் ஸ்கிப்பிங் கயிறுமாக அந்தச் சாலை நிறைந்திருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை அதற்கே ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதை நடைமுறையில் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான். இருபது பிள்ளைகள் வாராவாரம் ஓட்டும் தெருவில் வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போடச் சொல்லி வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதினோம். மூன்றாவது மனுவுக்குக் கோடு போட்டார்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. புதிதாக வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய சைக்கிள் அவர்களுக்குப் பெரியதாக இருக்கிறது. வளருகிற பிள்ளை என்று யூனிஃபார்மில் மடிப்பு வைத்துத் தைக்கிற மாதிரி, சைக்கிளையும் ஒரு அளவு கூட வாங்கிவிடுகிறோம். சைக்கிளில் அது ஆபத்து. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதிய வேண்டும். பிரேக் பிடியைச் சின்னக் கை முழுசாகப் பிடித்து அழுத்த முடிய வேண்டும். பொதுவாக ஆறு வயதுக்கு 16 இன்ச், எட்டு ஒன்பது வயதுக்கு 20 இன்ச் போதும். கியர் வேண்டாம். மேடே இல்லாத ஊர் இது.

சப்போர்ட் சக்கரத்தைக் கழற்ற முடியவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. அதைக் கழற்றும்போது பெடல்களையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். 15ஆம் நம்பர் ஸ்பானர் வேண்டும். இடது பெடலின் மறை மட்டும் தலைகீழ், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். சீட்டை நன்றாக இறக்கிவிட்டு, காலால் தரையை உந்தி உந்திப் போகச் சொல்லுங்கள். பக்கச் சக்கரம் குழந்தைக்கு மிதிக்கத்தான் கற்றுக்கொடுக்கும், சாயாமல் நிற்கக் கற்றுக்கொடுக்காது. உந்திப் போகிற குழந்தை தானாகவே இரண்டு காலையும் தூக்கி மிதந்து போகத் தொடங்கும். அன்றைக்குப் பெடலை மாட்டிவிடுங்கள். எங்கள் குழுவில் ஏழு பிள்ளைகள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும், பின்மண்டையில் தொங்கக் கூடாது. பெண் பிள்ளைகள் ஷால் போட்டுக்கொண்டு வந்தால் குறுக்கே கட்டிவிடுங்கள். செயினில் சிக்கினால் கழுத்துக்கே வந்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பத்து பதினொரு வயது வரை பெண்களும் பையன்களும் சரிபாதியாக வருகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றில் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் டியூஷன் என்பார்கள், தலைவலி என்பார்கள். ஒரு அம்மா மட்டும் உண்மையைச் சொன்னார்: "பெரியவளாயிட்டா, இனிமே ரோட்ல எதுக்கு?" அவர் வேறு யாரோ அல்ல, என்னோடு ஓட்டிக்கொண்டிருந்த தோழி. எனக்கு அன்று அம்மாவின் டீக்கடைத் தெருதான் ஞாபகம் வந்தது. அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வந்தால் அரசாங்கமே விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது, கிராமத்துப் பெண்கள் அதில்தான் பள்ளிக்கூடம் போய்ப் படித்து மேலே வந்தார்கள். கடலோரம், பட்டணத்தில், நம் பெண்களை நாம் இறக்கி உட்கார வைக்கலாமா? உடம்பு மாறுகிற அந்த வயதில்தான் அவர்களுக்கு இந்தக் கூட்டம் வேண்டும். வயிற்றுவலி உள்ள நாளில் வராமல் இருக்கட்டும். அடுத்த வாரம் வரட்டும்.

பையன்களின் வீட்டில் வேறு ஒன்று நடக்கிறது. பதினான்கு வயதில் சைக்கிள் மூலைக்குப் போய், அப்பாவின் ஸ்கூட்டர் சாவி கைக்கு வந்துவிடுகிறது. பக்கத்துக் கடைக்குத்தானே என்கிறீர்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள். நான்கு ஆண்டு சைக்கிளில் சாலையைப் படித்த பிள்ளை பதினெட்டு வயதில் வண்டி எடுத்தால், பக்கத்தில் போகிற சைக்கிள்காரரை அதன் கண் பார்க்கும்.

நல்ல சைக்கிள் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இது என்று சிலர் நினைக்கிறீர்கள். ஊரூர் குப்பத்திலிருந்து நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் ஒரு பையன் தாத்தாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டுதான் முதலில் வந்தான். எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அன்று முழுக்க வரிசையில் அவனிடம்தான் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். பிறகு, எங்கள் வீடுகளின் கார் நிறுத்துமிடங்களில் தூசி படிந்து கிடந்த சைக்கிள்களைச் சேகரித்தோம். பிள்ளைக்குச் சின்னதாகிப்போனதை யாரும் விற்பதும் இல்லை, எறிவதும் இல்லை. அவற்றைக் கடையில் கொடுத்துப் பிரேக் கட்டை, டியூப், செயின் மாற்றிப் பொதுவில் வைத்திருக்கிறோம். யார் பிள்ளைக்கு எந்த அளவு பொருந்துகிறதோ, எடுத்துக்கொள்ளலாம். வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். என் மகள் இப்போது ஓட்டுவதும் அப்படி வந்த சைக்கிள்தான். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் கொண்டுவாருங்கள்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் இல்லை, போட்டி இல்லை. ஷ்மிட் நினைவுச் சின்னத்திலிருந்து வேளாங்கண்ணி கோயில் வரை போய், கலாக்ஷேத்ரா காலனிக்குள் நுழைந்து உள்தெருக்கள் வழியாகத் திரும்புவோம். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். ஏழரைக்குள் வீட்டில் இருக்கலாம். மார்கழியில் விடிவது தாமதம், அப்போது ஆறரைக்குக் கிளம்புவோம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களால் சாலை நிறைந்திருக்கும். அந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் போகாமல் உள்தெருக்களிலேயே ஓட்டுவோம். சைக்கிள் ஓட்டத் தெரியாத அம்மாக்களும் வரலாம். மூன்று பேர் இங்கேதான் கற்றுக்கொண்டார்கள். ஒருவருக்கு வயது நாற்பத்தெட்டு.

கடைசியாக, சிவப்பு சைக்கிள் சிறுமியின் அப்பாவுக்கு. சார், நீங்கள் இதைப் படிக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. அன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். குழந்தைக்கு எட்டு வயது ஆகியிருக்கும், அந்த 14 இன்ச் சைக்கிள் இனி பொருந்தாது. எங்களிடம் பொதுவில் ஒரு 20 இன்ச் சைக்கிள் இருக்கிறது. நீல நிறம். டயர் இரண்டும் மாற்றியாகிவிட்டது. அவளுக்கும் உங்களுக்கும் எனக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு ஆறு மணிக்குச் சைக்கிளைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
வரிசையில் கடைசியாக வரும் ஒரு அம்மா